ஏமாந்தவர் ஒருவர் வேண்டும்

அவர் பஸ்ஸில் வாங்கிய கைக்கடிகாரம் இரண்டாம் நாளே நின்றுபோனது. காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒருவன் துணிப்பையிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டே வருவானே, அவனிடம் வாங்கியது. நம்மில் ஒருவர் வாங்கியிருந்தால் என்ன செய்திருப்போம்? சத்தமில்லாமல் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டிருப்போம். யாராவது கேட்டால் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றிருப்போம். அவர் காலையில் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"ஏமாந்துட்டேங்க" என்றார்.

பெஞ்சு கிளார்க் விழுந்து விழுந்து சிரித்தார். எவ்ளோ சார் போச்சு என்று கேட்டார். அவர் தொகையைச் சொன்னார். பேரம்கூடப் பேசவில்லை, விற்றவன் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அது 1991. ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் அவர் அரசு வக்கீல். நான் கோர்ட் டூட்டி ஏட்டு. சாட்சிகளுக்குச் சம்மன் கொடுப்பது, அவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவது, கேஸ் கட்டுகளை ஸ்டேஷனுக்கும் அவருக்கும் இடையில் சுமப்பது என் வேலை. அவர் ஒல்லியான மனிதர். ஈசனோபிலியா தொந்தரவு வேறு. கறுப்புக் கோட்டுக்குள் பாதி உடம்புதான் இருக்கும். தெற்கே விருதுநகர்ப் பக்கம் ஏதோ ஊர். இங்கே ஒரு ஓட்டு வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தார்.

ஏமாந்ததைச் சொல்வதுதான் அவரிடம் எனக்கு முதலில் தெரிந்த குணம். கடைசி வரைக்கும் தெரிந்த குணமும் அதுதான். தக்காளிக்காரி அடியில் அழுகலை வைத்துக் கொடுத்தால் மறுநாள் சொல்வார். வீட்டுக்காரர் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வரும் என்று சொல்லிக் குடிவைத்ததைச் சொல்வார். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நெய் ரோஸ்ட் என்று சொல்லி டால்டாவில் சுட்டுப் போட்டார்கள். கல்லாவில் இருந்தவரிடம் போய், "நெய்ன்னு சொன்னீங்க, நம்பிச் சாப்பிட்டேன், ஏமாந்துட்டேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வந்தார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த முதலாளிக்கு அது கெட்ட வார்த்தையில் திட்டியதைவிட உறைத்துவிட்டது. அடுத்த நாள் அசல் நெய்யில் ஒன்று பார்சல் கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினார். சார் அதைத் தொடவில்லை. நான் தின்றேன்.

எங்கள் பக்கத்தில் இது நடக்காது. எங்கள் பக்கம் என்றால் ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்கள், இந்தப் பக்கம் மண்ணூர், அந்தப் பக்கம் வாலாஜாபாத். அப்போதுதான் ரோட்டோரமாக ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்தது. நிலத் தரகர்கள் அம்பாசடர் காரில் வந்து வரப்பில் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசிவிட்டுப் போவார்கள். அந்த ஆட்களிடம் ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் எவரும் ஏமாந்தேன் என்று வாயைத் திறந்து சொன்னதை நான் கேட்டதில்லை. தெரிந்துதான் கொடுத்தேன் என்பார்கள். திருடன் என்று பெயர் எடுத்தால் நாலு பேர் பயப்படவாவது செய்வார்கள், ஏமாளி என்று பெயர் எடுத்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். அப்படி ஒரு கணக்கு எங்களுக்கு.

கபடி கேஸுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு பெரிய கபடிப் போட்டி. பனங்கட்டை நட்டு, மூங்கில் கட்டி, காலரி போட்டு, இரண்டு ரூபாய் டிக்கெட். இறுதி ஆட்டம் எங்கள் ஊர் அணிக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி ஒன்றுக்கும். வெறும் கோப்பைக்காக நடந்த ஆட்டமல்ல அது. புதிதாக வந்த ஒரு பம்பு கம்பெனி தனக்கென்று கபடி அணி சேர்த்துக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற அணியின் ஏழு பேருக்கும் கம்பெனியில் நிரந்தர வேலை என்று பேச்சு. அந்த நாளில் கம்பெனி வேலை என்றால் யூனிஃபாரம், கேன்டீன், ஓ.டி., மாதம் பிறந்தால் சம்பளம். ஏழு வீட்டில் விளக்கு எரியும் விஷயம் அது.

போட்டியை நடத்திய கமிட்டிச் செயலாளர் செங்கல் சூளைக்காரர். அவர் அந்தப் பக்கத்து அணியின் குடும்பங்களிடம் வேலைக்கென்று முன்னாலேயே பணம் வாங்கிவிட்டார். ஆகவே அவர்கள் ஜெயித்தே ஆகவேண்டும். எங்கள் அணிக் கேப்டனைக் கூப்பிட்டார். தோற்றுக்கொடு, கையில் இவ்வளவு தருகிறேன், உனக்கு மட்டும் ஒரு வேலையும் வாங்கித் தருகிறேன் என்றார். கேப்டன் சம்மதித்தான். ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. எனவே இருவரும் போய் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் காகிதத்தை நானே கையில் வைத்திருந்தேன். நிலம் வாங்கி விற்கிற ஊரில் எல்லாவற்றுக்கும் பத்திரம் போட்டுப் பழக்கம். 'முதல் பார்ட்டி இறுதி ஆட்டத்தில் மனப்பூர்வமாகத் தோற்றுக்கொடுக்கவும், இரண்டாவது பார்ட்டி அதற்குப் பிரதியாக' என்று பத்திரம் எழுதுகிறவரின் அழகான கையெழுத்தில் இருந்தது. கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து.

கேப்டன் பேசியபடி தோற்றான். கடைசி நிமிஷத்தில் இரண்டு அணிக்கும் சமமான புள்ளி. எதிரில் இரண்டே பேர். அவன் பாடிக்கொண்டு உள்ளே போனான். யாரும் அவனைத் தொடவில்லை, அவனும் யாரையும் தொடவில்லை. நடுக்களத்தில் நின்று பாட்டை நிறுத்தி மூச்சு விட்டான். விசில் ஊதிவிட்டார்கள். ஒரு புள்ளியில் போயிற்று. அன்றைக்கு நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

செயலாளர் பணத்தைக் கொடுத்தார், வேலையைக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஒருநாள் கேப்டன் மஞ்சள் பையில் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். புகார் கொடுக்க.

"சார், நான் பேசினபடி தோத்துட்டேன். அந்தாளு பேசினபடி வேல வாங்கித் தரல. பேப்பர் கீது பாருங்க. எனுக்கு ஒரு நாயம் பண்ணுங்க" என்றான்.

இன்ஸ்பெக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. ரைட்டரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி இன்னொரு முறை சிரித்தார். பிறகு, நம் வக்கீல் சாருக்கும் காட்டு, அவரும் சிரிக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அவர் சிரிக்கவில்லை. நின்றபடியே இரண்டு முறை படித்தார். சாட்சி போட்டவர்கள் யார் என்று கேட்டார். எழுதினவரும் ஸ்டாம்ப் விற்றவரும்தான் என்றேன். படித்துப் பார்த்துத்தான் போட்டார்களா என்று கேட்டார். எழுதினதே அவர்தானே சார் என்றேன். பத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஈரக் கையோடு நின்று, "இது கேஸ் ஆகணும் ஏட்டு" என்றார்.

ஆனால் எந்தக் கேஸ்? லஞ்சச் சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு. கபடி ஆடுகிறவன் சர்க்கார் ஊழியன் இல்லை, சூளைக்காரரும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு தோற்பது குற்றம் என்று அவருடைய புத்தக அலமாரியில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு நாள் தேடிவிட்டு நானூற்று இருபதுக்கு வந்து நின்றார். ஏமாற்று வழக்கு. அதற்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்று எனக்கு விளக்கினார். ஏமாந்தவர் ஒருவர் வேண்டும். இது நிஜமான ஆட்டம் என்று நம்பி, நம்பியதால் தன் கையிலிருந்து எதையாவது கொடுத்தவர். அவர் கூண்டில் ஏறி, நான் ஏமாந்தேன் என்று சொன்னால் போதும், செயலாளர் உள்ளே போவார். சொல்ல ஆள் இல்லையென்றால் பத்திரத்தில் இருப்பது வெறும் தமிழ்.

"டிக்கெட் எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு ரூபா சார்."

"ரெண்டு ரூபா போதும்."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கேட்டார். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு இருக்கும் என்றேன். அப்படியானால் ஆயிரத்தைந்நூறு சாட்சி என்றார். நானும் போயிருந்தேன் என்று சொன்னேன். போலீஸ்காரன் எங்கே டிக்கெட் வாங்கப்போகிறான் என்று அவரே முடிவு செய்துகொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். நான் திருத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு வழக்குப் பதிவு செய்தார். முதல் எதிரி செயலாளர், இரண்டாவது எதிரி புகார் கொடுக்க வந்த கேப்டனே. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதன்பிறகு கொஞ்ச காலம் தாலுகாவில் போலீஸ்காரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்கே பார்த்தாலும் வெளியூர் ஜீப்புகள், விசாரணை. கபடி கேஸைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள். அதனால் ஏமாந்தவரைத் தேடுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் நானும் அவரும் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போனோம். இதெல்லாம் அரசு வக்கீல் செய்கிற வேலையா என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ஆட்டத்துக்குப் போனவர்.

"எங்குளுக்கு அப்பவே தெரியும் சார்" என்றார்.

"டிக்கெட் வாங்கும்போதே தெரியுமா?"

"அப்பவே தெரியும். அவன் டவுசர ஏத்திக் கட்ன ஸ்டைலப் பாத்தே சொல்ட்டனே."

"தெரிஞ்சும் ஏன் வாங்கினீங்க?"

"சும்மா சார், இன்னாதான் பண்றானுங்கன்னு பாக்கலாம்னு."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறும், கண் லேசாக இடுங்கும். யாரிடம் விடுகிறாய், நான் எத்தனை பேரைப் பார்த்தவன் என்கிற சிரிப்பு. அடுத்து முடிதிருத்துகிறவர், முதல் நாளே தான் பந்தயம் கட்டிச் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இதையே நல்ல தமிழில் சொன்னார். எட்டுப் பத்து ஊர் சுற்றினோம். எல்லோருக்கும் அப்பவே தெரியும். பம்பு கம்பெனியில் ஆள் எடுக்கிற அதிகாரியைப் பார்த்தோம். தங்களுக்கு வேண்டியது ஏழு ஆள், ஏழு ஆள் கிடைத்தார்கள், தங்களை யாரும் ஏமாற்றவில்லை என்றார். அவர் முகத்திலும் அதே சிரிப்பு, கொஞ்சம் விலை கூடிய சிரிப்பு.

ஆட்டத்தன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? அந்த டீக்கடைக்காரர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியதை நான் பார்த்தேன். விசில் ஊதியதும் நடுவர் மேல் செருப்பு பறந்தது. வாத்தியார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தவன் எவனாவது செருப்பு வீசுவானா? அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆயிரத்தைந்நூறு பேரும் சுத்தமாக ஏமாந்தோம். அப்புறம் விஷயம் வெளியே வந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக எல்லோருக்கும் அப்பவே தெரிந்துபோய்விட்டது.

"பணம் வாங்கினவனைக்கூடப் பார்த்துடலாம் ஏட்டு. இந்தச் சிரிப்பைப் பார்க்க முடியலை" என்றார் அவர் ஒருநாள், வாலாஜாபாத் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது. பையிலிருந்து ஓமத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவருக்குக் கபடி பற்றி ஒன்றும் தெரியாது. வாழ்க்கையில் எந்த ஆட்டமும் ஆடியதில்லை. மூச்சு விட்டான் என்றால் என்ன என்று ஒரு மத்தியான இடைவேளையில் என்னிடம் கேட்டார். உள்ளே போகிறவன் கபடி கபடி என்று ஒரே மூச்சில் விடாமல் பாட வேண்டும், பாட்டு நின்றால் அவுட் என்றேன். தானே பாடிப் பார்க்கிறேன் என்றார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கபடி கபடி என்று ஆரம்பித்தார். பத்து விநாடிக்குள் இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேப்டன் எவ்வளவு நேரம் பாடுவான் என்று கேட்டார். அவன் மூணு ஆளை இழுத்துக்கொண்டே அரை நிமிஷம் பாடுவான் சார் என்றேன்.

"நெஞ்சு நிறைய மூச்சை வெச்சுக்கிட்டா நிறுத்தினான்?" என்றார். பிறகு "சீ" என்றார். பணம் வாங்கியதற்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

கடைசியில் ஒருவன் கிடைத்தான். எங்கள் அணியில் இடது ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவன். வல்லம் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு குழந்தை. இறுதி ஆட்டத்தில் எதிராளியின் கணுக்காலைப் பிடித்துத் தொங்கி, நாலு பேர் மேலே விழுந்து, முட்டி போய்விட்டது. அதன்பிறகும் எழுந்து நொண்டிக்கொண்டே ஆடினான். வேலை கிடைக்கும் என்று ஆடினான். கேப்டன் அந்த ஆட்டத்தை விற்றுவிட்டது தெரியாமல் முட்டியைக் கொடுத்தவன். இப்போது சூளையில் கல் அடுக்குகிறான், காலை நீட்டி வைத்துக்கொண்டு.

அவன் வீட்டில் சார் ஒரு பலகையில் உட்கார்ந்தார். டிக்கெட்டு வாங்கினவரைவிட நீங்கள்தான் பெரிய சாட்சி என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நம்பி உடம்பைக் கொடுத்திருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள். வேலை கிடைக்குமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் அந்த ஆள் தண்டனை வாங்குவார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கும் லேசாகச் சந்தேகம் இருந்தது என்று ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அவன் மனைவி வெளியே வந்தாள்.

"இந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா கால ஒடச்சிக்கினு வூட்டுக்கு வந்திருப்பாரா?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தனை மாதத்தில் நாங்கள் கேட்ட ஒரே உண்மை அது. பையனும் தலையாட்டினான். வருகிறேன், சொல்கிறேன் என்றான்.

சாட்சி நாளன்று கோர்ட்டு வராந்தாவில் நிற்க இடமில்லை. செயலாளர் ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிவந்திருந்தார். ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், டீக்கடைக்காரர் உட்பட. யாரும் பையனை மிரட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். முதல் விசாரணையில் பையன் நன்றாகத்தான் சொன்னான். நிஜ ஆட்டம் என்று நம்பி ஆடினேன் என்றான். சாரின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியும், முடிவெட்டுகிறவருக்குத் தெரியும், பார்க்க வந்த ஊருக்கே தெரியும். பக்கத்தில் நின்று ஆடிய உனக்கு மட்டும் தெரியாதா என்றார். வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஊர்லயே நீ ஒருத்தன்தான் மாங்கா மடையனாப்பா?" என்றார் வக்கீல்.

பையன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கம்பிக்கு வெளியே வரிசையாக முகங்கள். எல்லா முகத்திலும் அது இருந்தது. நான் அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அவன் வாயின் ஒரு பக்கம் மெதுவாக ஏறுவதைப் பார்த்தேன்.

"எனுக்கும் அப்பவே தெரியும் சார்" என்றான்.

நம் சார் எழுந்து, மறுபடி விசாரிக்க அனுமதி வாங்கினார். தெரிந்தேவா காலை உடைத்துக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"கால் அதுல ஒடையல சார். கழனில வயுக்கி வுயுந்தது."

வெளியே அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவனுக்காகக் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவன் நொண்டிக்கொண்டே பின்னால் போனான்.

தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் விடுதலை. பத்திரம் உண்மை, கையெழுத்து உண்மை, பணம் கைமாறியதும் உண்மை, ஆனால் ஏமாந்தவர் என்று யாரும் இல்லாததால் ஏமாற்று என்று ஒன்று நடக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். செயலாளருக்கு மாலை போட்டவர்களில் கேப்டனும் இருந்தான். சாருக்கு அடுத்த மாதமே மாற்றல் வந்தது. எங்கே போனார், இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. செயலாளர் பிறகு நில வியாபாரத்தில் இறங்கி எங்கேயோ உயர்ந்துவிட்டார். இன்றைக்கும் ஏதாவது போட்டி என்றால் அவர்தான் கோப்பை கொடுக்கிறார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இவ்வளவையும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஊரைத் திட்டித் திட்டிச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஆட்டத்தன்று எனக்கு ஆஃப். மச்சானைக் கூட்டிக்கொண்டு மஃப்டியில் போனேன். போலீஸ் என்று சொன்னால் சும்மா விட்டிருப்பார்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் ஓசி போலீஸ் என்று பேசுவார்களே என்று மச்சான் முன்னால் கௌரவமாக இரண்டு டிக்கெட் வாங்கினேன். எங்கள் ஊர் அணி ஆயிற்றே, அந்த ஏழு பேரையும் எனக்குத் தெரியும். நான் கத்திய கத்தலில் மூன்று நாள் குரலே வரவில்லை. கேப்டனுக்குத்தான் ஏதோ நெஞ்சில் பிடித்துக்கொண்டது, அதனால்தான் மூச்சு நின்றது என்று நினைத்துப் பதறினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மச்சான் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பாதி டிக்கெட் என் சம்மன் நோட்டில் அடையாளம் வைக்கிற காகிதமாகக் கிடந்தது. ரோஸ் நிறம், கமிட்டியின் ரப்பர் ஸ்டாம்ப்போடு.

பையன் பல்டி அடித்த அன்று மத்தியானம், அவர் கையெழுத்துக்காக நோட்டை நீட்டினேன். டிக்கெட் நழுவி அவர் மேஜையில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். வழக்கு இன்னும் முடியவில்லை, கூடுதல் சாட்சி கேட்டு மனுப் போடலாம், நாளைக்கே போடலாம் என்றார். ஊர் ஊராக அலைந்தோமே, கூடவே இருந்திருக்கிறீர்களே என்றார். அவருக்கு என் மேல் கோபம்கூட வரவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

"காசு கொடுத்துத்தானே வாங்கினீங்க?"

"ஆமா சார்."

"நிஜ ஆட்டம்னு நம்பித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. செயலாளர் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது, நான் போலீஸ்காரன். ஆனால் கூண்டில் ஏறி நின்று, ஏட்டாக இருக்கிற நான், இத்தனை திருடனைப் பார்த்த நான், இரண்டு ரூபாய் கொடுத்து ஏமாந்தேன் என்று சொல்ல வேண்டும். ஜன்னலில் டீக்கடைக்காரர் நிற்பார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரிப்பார். மச்சான் காதுக்குப் போகும். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்றால் அது பொய். யோசிப்பதற்கு முன்னாலேயே என் வாயின் ஒரு பக்கம் ஏறிவிட்டது. அது ஏறுவது எனக்கே தெரிந்தது.

"எனுக்கு அப்பவே தெரியும் சார்" என்றேன்.

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தார். டிக்கெட்டை என் நோட்டுக்குள் வைத்து மூடிக் கொடுத்தார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். நான் பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியாது. கோர்ட்டு ஹாலில் சாப்பாட்டு நேரம். பெஞ்சு கிளார்க், டைப்பிஸ்ட், ஜூனியர் வக்கீல்கள் எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் வாசலில் நின்று, கடிகாரத்தைக் காட்டிய அன்று சொன்ன அதே குரலில் சொன்னார்.

"ஏமாந்துட்டேங்க."

பெஞ்சு கிளார்க்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்த வாட்டி எவ்ளோ சார் போச்சு?" என்றார்.

"ரெண்டு ரூபா" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.